கிளீட்டஸுக்கான மணி

புதிய மணி முதல்முதலாக அடித்த காலையில், பத்து நிமிடத்துக்குள் கோயில் முற்றத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பூசைக்கு வந்தவர்கள் இல்லை. பாதிப் பேர் பல் தேய்த்திருக்கவில்லை.

“ஏலே ததேயுஸ், இத எங்க பிடிச்சே?” என்று கேட்டார் பங்குக் கமிட்டிச் செயலாளர்.

“போன்லதான்.”

“எதுல பிடிச்சேன்னு கேக்கல்ல. எந்தக் கோயில்லயாக்கும் பிடிச்சே?”

ததேயுஸ் போனை மடியில் செருகினார். கூடி நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆற்று முகத்துக்கு அக்கரையில் இருக்கும் மீன்பிடித் துறையின் கோயில் மணி அது. கடல் அரிப்பைத் தடுக்கும் கல்சுவரான தூண்டில் வளைவு எந்தக் கரையில் போட வேண்டும் என்பதில் இரண்டு ஊரும் மூன்று வருடமாக முகம் பார்த்துப் பேசுவதில்லை.

“அவனுவ நம்ம எடத்துல வலை போடுகது போராதுன்னு, அவனுவளுக்க மணியக் கொண்டாந்து நம்ம கோபுரத்துல வச்சிருக்கியா?”

பின்னால் நின்ற ஒரு பெண் முன்னே வந்தாள். “நான் கண்ணு தொறக்காம கெடந்து கேட்டேன். அக்கரையில கெட்டிக் குடுத்த எனக்க மவ வீட்டுல கெடக்கேன்னு நெனச்சி, ஏட்டி காப்பி கொண்டான்னு கத்துனேன். வந்து நிக்கது எனக்க மருமவ!”

கூட்டம் சிரித்தது. ததேயுஸ் சிரிக்கவில்லை. கோயில் படியிலிருந்து கொடிமரம் வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். பதினெட்டு எட்டு வைத்தால் கொடிமரம். இருபத்திரண்டு வருடம் அவர் எஞ்சின் டிரைவராக இருந்த ஆழ்கடல் போட்டுகளின் நீளம் அது. கரைக்கு வந்து, மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையாகி ஒன்பது வருடம் ஆகியும் கால்கள் அந்தக் கணக்கை விடவில்லை.

ஊரின் சொந்த மணி சென்ற பெருநாளில் விரிசல் விட்டுவிட்டது. அடித்தால் ஓட்டைப் பானையைத் தட்டுவது போல இருந்தது. இறக்கி, சாக்கு போட்டு மூடி, சாமியார் வீட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். புதிதாக வார்த்து வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் என்று கமிட்டி ஒரு பெட்டி வாங்கியது. கடிகாரமும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி. பென் டிரைவில் மணிச் சத்தத்தைப் போட்டுச் செருகினால், நேரம் பார்த்து அதுவே அடிக்கும். கூடவே வந்த வெளிநாட்டு மணியை ஒரு நாள் அடித்துப் பார்த்தார்கள். ஐஸ் வண்டி என்று நினைத்துப் பிள்ளைகள் தெருவுக்கு ஓடி வந்தன. அதன் பிறகுதான் ததேயுஸ் ஒரு மத்தியானம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அக்கரைக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று போனை நீட்டினார்.

அந்தப் பெட்டி எம்பி த்ரீ தவிர வேறெதையும் வாசிக்காது. ஃபைல் பெயரில் தமிழ் இருந்தால் வாசிக்காது. எட்டு எழுத்துக்கு மேல் போனாலும் வாசிக்காது. இதெல்லாம் ததேயுஸுக்கு ஒரு பொருட்டில்லை. நாற்பது நாள் கடலில் கிடக்கிற போட்டில் பாட்டு இல்லாமல் முடியாது. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு விதமான ஃபைல். போட்டில் இருந்த செட்டுக்கோ எம்பி த்ரீ மட்டும்தான். எஞ்சின் அறை வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொருவனுடைய பாட்டையும் அவர்தான் மாற்றிக் கொடுப்பார். கரையிலும் அது தொடர்ந்தது. பாடகர் குழுவின் ஒத்திகை, சாமியாரின் மறையுரை, கத்தாரிலிருந்து மகன் வாட்சப்பில் அனுப்பிய பேச்சைப் பட்டன் போனில் கேட்க விரும்பும் தாய்மார். எல்லாம் கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர் கையால் மாறிப் போகும்.

ஆனால் எஞ்சின் அவருடைய இடது காதைத் தின்றுவிட்டது. வலது காதிலும் மெல்லிய சத்தங்கள் விழுவதில்லை. அதனால் அவர் சத்தத்தைக் கண்ணால் பார்த்தார். திரையில் ஓடும் கோட்டில் எங்கே பேச்சு, எங்கே மூச்சு, எங்கே இருமல் என்று அவருக்குத் தெரியும்.

அக்கரை மணி அன்றைக்கே கழற்றப்பட்டது. அது அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பூசைக்கு ஆட்கள் மணி இல்லாமலும் வருவார்கள். அவரை நிற்கவிடாமல் நடக்க வைத்தது வேறு.

தம்பி கிளீட்டஸ் ஒக்கியில் போனவன். ஏழு வருடம் ஆகிறது. அந்தப் புயலில் ஊரில் ஆறு பேர் திரும்பவில்லை. ஐந்து பேருக்கு ஒரு வருடத்துக்குள் துக்க மணி அடித்தாயிற்று. அந்த ஊரில் துக்க மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை வயதோ அத்தனை அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லும் நேரம். மணி அடித்து முடிந்தால்தான் ஊர் ஒருவரைச் செத்தவராக எடுத்துக்கொள்ளும். கிளீட்டஸுக்கு நாற்பத்தொரு அடி பாக்கி இருந்தது. அவன் மனைவி கிரேசி அடிக்க விடவில்லை. அழவில்லை, சண்டை போடவில்லை. தலையில் சுமந்து வந்த மீன் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு, “இப்பம் வேண்டாம்” என்று மட்டும் சொல்வாள். ஏழு வருடமும் அதையே சொன்னாள்.

இப்போது மகள் பிரிஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். ஊரில் அதற்கு ஓலை வாசிப்பு என்று பெயர். இன்னாருடைய மகள் இன்னாரை என்று தகப்பன் பெயரைச் சொல்லித்தான் ஓலை தொடங்கும். ‘கிளீட்டஸின் மகள்’ என்பதா, ‘காலஞ்சென்ற கிளீட்டஸின் மகள்’ என்பதா? மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் கேட்டார்கள். கார்டு அச்சடிக்க வேண்டுமே என்றார்கள்.

கிரேசி அன்று சந்தைக்குப் போகவில்லை. மறுநாள் ததேயுஸிடம் வந்து சொன்னாள்.

“அடிச்சிருங்க அத்தான். ஆனா நம்ம மணி வேணும்.”

“நம்ம மணி சாக்குக்குள்ள கெடக்கு கிரேசி. சாமி புதுசு சொல்லிருக்காரு. வர ஒரு வருசம் ஆவும்.”

“அதுக்க சத்தம் எங்கயாவது இருக்கும்லா. உங்களுக்குத் தெரியாததா?” கடல் பக்கம் கையைக் காட்டினாள். “மழை மூடுன அண்ணைக்கெல்லாம் அந்த மணியக் கேட்டுத்தான் வள்ளத்தக் கொண்டு வருவாரு. வேற மணி அடிச்சா, வேற யாருக்கோன்னு நெனச்சிக்கிட்டு இருப்பாரு.”

முதல் ஓலைக்குப் பதினாறு நாள் இருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை மணி அடித்தாக வேண்டும். பழைய மணி கிடைக்காவிட்டால் கிரேசி சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று ததேயுஸுக்குத் தெரியும். நம்ம மணி வேணும் என்று சொன்ன சொல்லிலிருந்து அவள் இறங்கி வருகிறவள் இல்லை. கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று சருவத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவாள்.

பூசை முடிந்து மைக்கில் கேட்டுக்கொண்டார். பழைய மணிச் சத்தம் யாரிடமாவது இருந்தால் தரவும். இரண்டு நாளில் முப்பத்திரண்டு ஃபைல் வந்தது. ஏஎம்ஆர், த்ரீஜிபி, ஓபஸ், பெயரே தெரியாத சில. எல்லாவற்றையும் மாற்றித் திறந்தார். பெருநாள் வீடியோவில் மணி இருந்தது, மேலே வெடியும் பேண்டும் இருந்தன. ஒருத்தி துபாய்க்கு அனுப்பிய பேச்சில் பிள்ளைக்குப் பனிக் காய்ச்சல் என்கிற சொல்லுக்குப் பின்னால் மணி இருந்தது. ஒருவன் நாய் ஊளையிடுவதைப் பிடித்திருந்தான். நாய் மணியோடு சேர்ந்து ஊளையிட்டது. பேச்சைக் கழித்தால் மணியும் கழிந்தது. வெடியை அறுத்தால் மணி துண்டாயிற்று.

ஃபைல் மாறிக்கொண்டிருக்கும்போது அவரால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. கம்ப்யூட்டரை விட்டுவிட்டுக் கோபுரத்தில் ஏறினார். காலியான மணிக்கூண்டில் புறா எச்சம். இறங்கினார். திரையில் எழுபது சதவீதம். வெளியே போய்ப் பதினெட்டு எட்டு நடந்தார்.

“ததேயுஸே, கொஞ்சம் இரியும்” என்றார் சாமியார். “பாக்குறவனுக்குத் தலை சுத்துது.”

“இருந்தா இன்னும் சுத்தும் சாமி, எனக்கு.”

ஒன்பதாம் நாள் பிரிஜா வந்தாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு சிடியை எடுத்தாள். உறையில் மணமக்கள் படம், கிளீட்டஸின் மீசை வெளிறிப் போயிருந்தது.

“அம்மைக்கத் தகரப் பெட்டியில இருந்துச்சு பெரியப்பா. சிடி பிளேயர் போனதுக்குப் பெறவு யாரும் பாக்கல்ல. கல்யாணத்துல மணி அடிச்சிருப்பாங்கல்லா?”

“அம்மைக்குத் தெரியுமா?”

“சொல்லல்ல.”

ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிடி போடும் வாசல் இல்லை. ததேயுஸ் குழித்துறைக்குப் பஸ் ஏறினார். அங்கே ஸ்டுடியோ வைத்திருக்கும் ராஜகுமாரிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு.

“அண்ணே, இதுக்கு வயசாச்சு. ஒருக்கா அமத்துனா பெறவு எழும்புமோ எழும்பாதோ. சட்டுன்னு எடுத்துக்கிடணும்” என்றான் ராஜகுமார்.

சிடியில் டிஏடி என்கிற பழைய வீடியோ ஃபைலாக இருந்தது கல்யாணம். மூன்று இடத்தில் கீறல். படம் கட்டம் கட்டமாக உடைந்து மறுபடி சேர்ந்தது. மோதிரம், தாலி, சாமியார் கை. பிறகு கோயில் வாசல். மணமக்கள் வெளியே வருகிறார்கள். முதல் மணி விழுகிறது. இரண்டாவது மணியோடு பேண்டு செட் தொடங்கிவிட்டது. முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவே நாலரை வினாடி. அதில் பேண்டு இல்லை, வெடி இல்லை. மணி மட்டும்.

ததேயுஸ் எழுந்து கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். பூசை மணிக்கு இது போதாது. பூசை மணி கூட்டமாக அடிக்க வேண்டும். துக்க மணிக்கு ஒரே ஒரு அடி போதும். அதையே நாற்பத்தொரு முறை வைத்தால் போயிற்று.

படத்திலிருந்து சத்தத்தைத் தனியே பிரித்தார். கோடு திரையில் விழுந்தது. மலை போல எழும்பி மெல்லச் சரியும் கோடு. சரிவில், ஒன்றரை வினாடியில், சின்னதாக ஒரு மேடு.

“இது என்ன?” என்று அந்த இடத்தில் விரலை வைத்தார்.

ராஜகுமார் காதில் ஹெட்செட்டை வைத்துக் கேட்டான். திரும்பக் கேட்டான். “யாரோ செருப்பு கேக்காரு அண்ணே. ‘எனக்க செருப்பு எங்கட்டி’ன்னு.”

ததேயுஸ் படத்தைத் திரும்ப ஓட்டினார். முதல் மணி. கிளீட்டஸ் குனிந்து தன் கால்களைப் பார்க்கிறான். வாய் அசைகிறது. பக்கத்தில் மாலையோடு கிரேசி சிரிப்பை அடக்குகிறாள், அவள் வாயும் அசைகிறது. அதற்குள் பேண்டு வந்துவிட்டது. ததேயுஸ் வலது காதில் ஹெட்செட்டை அழுத்திக்கொண்டு பன்னிரண்டு முறை கேட்டார். மணி கேட்டது. மணிக்குள்ளே ஏதோ கரகரப்பு இருப்பது போல இருந்தது. அது தம்பியின் குரல் என்று அவருடைய காது சொல்லவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார்.

மேட்டுக்கு முன்னால் அறுத்துப் பார்த்தார். மணியின் ரீங்காரம் போய், சாப்பாட்டுத் தட்டைத் தட்டுவது போல ஆகிவிட்டது. மேட்டை மட்டும் அமுக்கிப் பார்த்தார். நடுவே பள்ளம் விழுந்தது, மணி விக்குவது போல இருந்தது. குரலும் ரீங்காரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அப்படியே விட்டால், நாலு திசைக் குழாயிலும் நாற்பத்தொரு முறை கிளீட்டஸ் ஊருக்கே கேட்கும்படி செருப்பைத் தேடுவான்.

அவருக்குத் தெரிந்த வழி இன்னும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சத்தத்தில் கொஞ்சம் செத்துப் போகும். பிட் ரேட் எண்ணைக் குறைத்து மாற்றினால் அதிகம் சாகும். முதலில் மினுமினுப்பு போகும், பிறகு எழுத்துகளின் விளிம்பு போகும், கடைசியில் வெறும் ஓசை மட்டும் மிஞ்சும். போட்டில் இருந்த ஒரு பாட்டு போனிலிருந்து போனுக்கு மாறி மாறி வார்த்தையெல்லாம் உதிர்ந்து, பாடியவன் வாயில் சோறு வைத்திருப்பது போல ஆனது அவருக்கு நினைவிருந்தது. அன்று அதற்காக ஆட்களைத் திட்டியிருந்தார். இப்போது அதையே வேண்டுமென்று செய்தார். நூற்றிருபத்தெட்டு. அறுபத்து நான்கு. முப்பத்திரண்டு. இருபத்து நான்கு. பதினாறு. ஐந்து ஃபைலையும் போனில் ஏற்றினார்.

எதில் குரல் போயிற்று, எதில் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. திரையிலும் மேடு எல்லாவற்றிலும் கொஞ்சம் இருந்தது. யாரிடமாவது காது கடன் வாங்க வேண்டும். பிரிஜாவைக் கூப்பிடலாம். அந்தப் பிள்ளைக்கு அப்பன் போகும்போது பதினைந்து வயது. வேண்டாம் என்று தோன்றியது. ஒன்றும் சொல்லாமல் பதினாறையே அடித்துவிடலாம். ஆனால் முதல் அடியிலேயே கிரேசிக்குத் தெரிந்துவிட்டால்?

வியாழக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனார். சந்தையிலிருந்து வந்து சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிடி எடுத்ததையும் குழித்துறைக்குப் போனதையும் சொன்னார். வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவே நடந்துகொண்டே சொன்னார்.

“பிரிஜா சொல்லிட்டா” என்றாள் கிரேசி. “நேத்தே. கிடைச்சிச்சா?”

“ஒரு அடி கிடைச்சிருக்கு. ஆனா அதுல ஒண்ணு உண்டு.” நின்றார். “நீயே கேளு.”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இயர்போனை வாங்கிக் காதில் வைத்தாள். அவர் மாற்றாத ஃபைலை ஓட்டினார். நாலரை வினாடி. அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை என்று விரலைக் காட்டினாள். மறுபடி ஓட்டினார். சட்டென்று சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அண்ணைக்கு அந்தச் செருப்பு கடைசி வரைக்கும் கிட்டவே இல்ல அத்தான். எவனோ போட்டுட்டுப் போயிட்டான். வெறுங்காலோட பேண்டு செட்டுக்கு முன்னால நடந்து வந்தாரு. பதினேழு வருசம் அதச் சொல்லியே என்னய ஏசுவாரு, நீ பாத்து வச்சிருக்கணும்னு. மணவாட்டி செருப்புக்குக் காவல் நிப்பாளா?”

சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை. இயர்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இத அடிக்க முடியாது கிரேசி. ஊரு முழுக்கக் கேக்கும். மணி நிக்கணும், அவன் போவணும். கொஞ்சம் கொஞ்சமா கொறச்சி வச்சிருக்கேன். எதுல போயிருக்குன்னு எனக்குக் கேக்கல்ல. நீதான் சொல்லணும்.”

அவள் தலையாட்டினாள். நூற்றிருபத்தெட்டை ஓட்டினார்.

“கேக்குதா?”

“பக்கத்துல நின்னு பேசுக மாதிரி.”

அறுபத்து நான்கு.

“கேக்குது.”

முப்பத்திரண்டு. கண்ணை மூடிக்கொண்டாள். “‘செருப்பு’ போச்சு. ‘எங்கட்டி’ உண்டு.”

ததேயுஸ் கிணறு வரை போய் வந்தார். இருபத்து நான்கை ஓட்டினார். அவள் விரலைக் காட்டினாள், மறுபடி ஓட்டினார். மறுபடியும் காட்டினாள். நான்காவது முறைக்குப் பிறகு இயர்போனைக் கழற்றினாள்.

“இது போரும்.”

“கேக்குதா?”

“மணி கேக்குது.”

“அதில்ல கிரேசி. அவன் கேக்குதானா?”

“நம்ம மணிதான். போரும்னு சொன்னேன்லா.”

“இன்னும் ஒண்ணு இருக்கு, பதினாறு. அதுலன்னா சுத்தமா...”

“அது வேண்டாம் அத்தான்.” சருவத்தைக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீர் வடிந்தது. “சனிக்கிழமை எத்தன மணிக்கு?”

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் அதையே நினைத்து நடந்தார். இருபத்து நான்கில் குரல் இல்லையென்றால் எல்லாம் சரி. இருந்தும் அவள் இல்லை என்பது போலச் சொல்லியிருந்தால், கோபுரத்துக்கு அடியில் நிற்கும் நானூறு பேரில் நல்ல காதுள்ள எவனாவது ஒருவன் சிரிப்பான். துக்க மணிக்கு ஒருவன் சிரித்தால் போதும், கிரேசி அதோடு முடிந்தாள். பதினாறைப் பென் டிரைவில் போட்டுவிட்டால் அவருடைய நெஞ்சு அடங்கும். போட்டார். ஆபீஸ் கதவைப் பூட்டினார். திரும்பத் திறந்து, அதை அழித்துவிட்டு இருபத்து நான்கைப் போட்டார். நாற்பத்தொரு அடியையும் இடைவெளிகளோடு ஒரே ஃபைலாகச் சேர்த்தார். கோட்டில் நாற்பத்தொரு மலைகளையும் விரல் வைத்து எண்ணினார். இரண்டாம் முறை எண்ணியபோது நாற்பது வந்தது. மூன்றாம் முறை எண்ணினார்.

சனிக்கிழமை மாலை நாலரைக்குப் பெட்டியின் பொத்தானை அமுக்கினார். ஆம்ப்ளிஃபையர் அறையில் நிற்க முடியாமல் முற்றத்துக்கு இறங்கி வந்தார். படியிலிருந்து முற்றத்துச் சுவர் வரை ஆட்கள். படிக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன.

முதல் அடி விழுந்தது.

யாரோ மூச்சை இழுப்பது தெரிந்தது. செயலாளர் தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தார். “நம்மளுக்கதாக்கும்” என்றார், யாரிடம் என்றில்லாமல். அன்று காப்பி கேட்டுக் கத்திய பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். “இப்பம் எனக்க வீட்டுலதான் நிக்கேன்” என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள். பிரிஜா தாயின் கையைப் பிடித்திருந்தாள்.

இரண்டாவது அடி. மூன்றாவது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ததேயுஸ் முகங்களைப் பார்த்துக்கொண்டே கொடிமரம் வரை நடந்தார். ஒவ்வொருவர் காதாகப் பார்த்தார். எவனுக்கும் ஒன்றும் விழவில்லை. பத்தாவது அடியில் அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது. குரல் போய்விட்டது. பயந்தது வீண். பதினாறே வேண்டியிருக்கவில்லை.

பதினைந்தாவது அடியில் திரும்பியபோது கிரேசி நேர் எதிரே இருந்தாள்.

மணி விழுந்தது. கோடு எழும்பிச் சரிவது அவர் கண்ணுக்குள் தெரிந்தது. ஒரு வினாடி. ஒன்றரை. மேடு வர வேண்டிய இடம். அந்த இடம் தாண்டியதும் கிரேசியின் உதடு அசைந்தது. ஜெபம் என்று நினைத்தார். எல்லோரும்தான் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மற்றவர்களின் உதடுகள் நிற்காமல் ஓடின. அவளுடையது ஒருமுறை அசைந்து நின்றுவிட்டது.

பதினாறாவது அடி. ஒன்றரை வினாடி. அதே அளவு, அதே அசைவு. இரண்டு மூன்று சொல். குழித்துறையில் உடைந்து உடைந்து ஓடிய படத்தில், மாலைக்கு மேலே அசைந்த அதே வாய். அன்றைக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பதைப் பேண்டு மூடிவிட்டது. இன்றைக்கு மூட ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்குக் காது இல்லை.

அவர் நடந்துகொண்டே எண்ணினார். பதினேழு. பதினெட்டு. இன்னும் இருபத்து மூன்று இருந்தது.